மூன்று பேட்ச் அனுப்பினேன், இரண்டைத்தான் எடுத்தார்கள். மூன்றாவது எங்கே போச்சு?

கேள்வி: அண்ணே, நான் திருப்பரங்குன்றம் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் இறுதியாண்டு. மேலூர் பக்கம் எங்க ஊர்க் கண்மாயில் நீர்மட்டம் அளக்க ஒரு பிரஷர் சென்சார் வைத்து புராஜெக்ட் செய்தோம். சென்சாரின் பழைய மாடலுக்கு லினக்ஸ் கர்னலில் (லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதி) டிரைவர் இருக்கு, புது மாடலுக்கு இல்லை. நானே சேர்த்து மூன்று பேட்ச்சாக, அதாவது மாற்றத் துண்டுகளாக, அனுப்பினேன். முதல் பேட்ச்சுக்கு ஒருத்தர் ‘ரிவ்யூடு-பை’ (பார்த்தேன், சரி என்ற வரி) கொடுத்தார். சென்சார் பகுதியைப் பார்த்துக்கொள்ளும் மெயின்டெய்னர் முதல் இரண்டையும் எடுத்துக்கொண்டார். மூன்றாவது வேறு ட்ரீ (வேறு மெயின்டெய்னர் வைத்திருக்கும் கர்னல் பிரதி) வழியாகப் போகணும் என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். அவர் சொன்ன இடத்துக்கு அனுப்பி இரண்டு வாரம் ஆச்சு, பதிலே இல்லை. இதையெல்லாம் ஒருங்கிணைக்க ஒரு மேனேஜர் கிடையாதா? யாரிடம் போய்க் கேட்பது?

பதில்:

தம்பி, உன் பேட்ச் எதுவும் தொலையவில்லை. யாரும் ஒதுக்கவும் இல்லை. மேனேஜர் என்று ஒருவரும் கிடையாது. லினக்ஸைத் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் இருக்கிறாரே என்பாய். அவர் உன் மூன்று பேட்ச்சையும் கண்ணால்கூடப் பார்க்கப் போவதில்லை. ஒன்பது, பத்து வாரத்துக்கு ஒரு வெளியீடு. ஒவ்வொன்றிலும் 10,000 கமிட்டுக்கு (பதிவான மாற்றத்துக்கு) மேல், எழுதியவர்கள் ஏறக்குறைய 2,000 பேர். ஒரே ஆள் உட்கார்ந்து பார்த்து முடிக்கிற கணக்கா அது?

அப்படிப் பார்க்க முயன்ற காலமும் உண்டு. தொண்ணூறுகளில் பேட்ச்சை லினஸுக்கே மெயிலில் அனுப்புவார்கள், அவர் கையால் சேர்ப்பார். பதில் வராவிட்டால் அவருக்குப் பிடிக்கவில்லையா, கண்ணில் படவில்லையா என்பது அனுப்பியவருக்குத் தெரியாது. மறுபடி அனுப்பு, மறுபடி காத்திரு. ஒற்றை ஆள் இதற்குமேல் தாங்கமாட்டார் என்று 1998-லேயே பெரிய சண்டை. 2002-இல் மாற்றங்களைப் பதிவு செய்யும் பிட்கீப்பர் என்ற தனியார் கருவிக்குப் போனார்கள். 2005 ஏப்ரலில் அதை இலவசமாகப் பயன்படுத்தும் உரிமை போனதும் அதே வேலைக்கு லினஸ் உட்கார்ந்து ‘கிட்’ என்ற கருவியை எழுதினார். இன்றைக்கு நீ பார்க்கும் கர்னல் ட்ரீயின் முதல் கமிட் 2.6.12-ஆர்சி-2 (ஆர்சி என்றால் வெளியீட்டுக்கு முந்தைய சோதனைப் பதிப்பு). அதற்கு முந்தைய பதினான்கு வருடம் அந்த வரலாற்றில் இல்லை.

கிட் வந்ததும் எல்லாம் சரியாகிவிட்டது என்று சிலர் எழுதுவார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. கிட் ஒவ்வொருவருக்கும் தனி ட்ரீ வைத்துக்கொள்ள வசதி கொடுத்தது, அவ்வளவுதான். ‘இந்த மாற்றம் யாருடைய ட்ரீ வழியாக, எந்த வாரம் போகும்’ என்பதை இன்றைக்கும் மனிதர்கள்தான் மெயிலில் பேசி முடிவு செய்கிறார்கள். கர்னலில் ஒருங்கிணைப்பு என்றால் அந்தப் பேச்சுதான். உன் மூன்றாவது பேட்ச்சுக்கு வந்த ஒற்றை வரியும் அந்தப் பேச்சில் ஒரு துண்டு. நீ அதைக் கதவடைப்பு என்று நினைத்துவிட்டாய். அவர் உனக்கு வழிதான் சொல்லியிருக்கிறார்.

நீ மேலூர்ப் பக்கம் என்பதால் கண்மாயை வைத்தே சொல்கிறேன். மேல்கண்மாய் நிரம்பினால் மறுகால் பாய்ந்து அடுத்த கண்மாய்க்குப் போகும், அங்கிருந்து அதற்கடுத்தது. மடையை எப்போது திறப்பது, எந்த வயலுக்கு முதலில் என்பது அந்தந்தக் கண்மாயின் நீர்பாய்ச்சி கையில். கர்னலும் இப்படித்தான் கோத்திருக்கிறது. உன் டிரைவர் ‘ஐஐஓ’ என்ற சென்சார் பகுதியில், பிரஷர் என்ற டைரக்டரியில் இருக்கிறது. அது முதலில் ஐஐஓ ட்ரீயில் விழும். அங்கிருந்து கிரெக் குரோவா-ஹார்ட்மன் வைத்திருக்கும் ‘சார்-மிஸ்க்’ ட்ரீக்குப் போகும். அதற்கப்புறம்தான் லினஸிடம். ஐஐஓ ட்ரீயில் அந்தக் கிளைக்குப் பெயரே ‘டு-கிரெக்’. தண்ணீர் எங்கே போகிறது என்பதைக் கிளையின் பெயரிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள்.

உன் மூன்றாவது பேட்ச் எதைத் தொட்டது என்று பார். நீ பயன்படுத்திய போர்டின் டிவைஸ் ட்ரீ ஃபைலில் (போர்டில் என்னென்ன இருக்கிறது என்று கர்னலுக்குச் சொல்லும் பட்டியல், மேலே சொன்ன ட்ரீ வேறு) சென்சாருக்கு ஒரு நோடு, அதாவது ஒரு பதிவு, சேர்த்திருக்கிறாய். அந்த ஃபைல் சென்சார்காரர் கண்மாய் இல்லை. அது போர்டில் இருக்கும் சிப் குடும்பத்தைப் பார்த்துக்கொள்பவருடையது. அவர் தன் ட்ரீயில் எடுப்பார், அது ஆர்ன்ட் பெர்க்மன் உள்ளிட்ட சிலர் சேர்ந்து பார்க்கும் ‘எஸ்ஓசி’ (சிப் குடும்பங்களுக்கான) ட்ரீக்குப் போகும், அங்கிருந்து லினஸிடம். ஒரே நாளில் நீ அனுப்பிய மூன்றில் இரண்டு ஒரு வாய்க்காலில், ஒன்று இன்னொரு வாய்க்காலில். கடைசியில் சேருமிடம் ஒன்றுதான்.

யார் கண்மாய் எது என்பது ரகசியமும் இல்லை. சோர்ஸின் மேல்மட்டத்திலேயே ‘மெயின்டெய்னர்ஸ்’ என்று ஒரு ஃபைல், 20,000 வரிக்கு மேல். ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு பத்தி. ‘எம்’ என்று தொடங்கும் வரியில் பொறுப்பாளர், ‘ஆர்’ வரியில் பார்த்துக் கருத்துச் சொல்பவர், ‘எல்’ வரியில் எந்தக் குழுவுக்கு மெயில் போகணும், ‘டி’ வரியில் எந்த ட்ரீ, ‘எஃப்’ வரியில் எந்தெந்த ஃபைல்கள். நான் முதலில் பார்ப்பது ‘எஸ்’ வரியை. அதில் ‘சப்போர்ட்டட்’ என்றிருந்தால் அந்த வேலைக்கு யாரோ சம்பளம் வாங்குகிறார்கள். ‘மெயின்டெய்ண்ட்’ என்றால் பார்த்துக்கொள்ள ஆள் உண்டு. ‘ஆட் ஃபிக்ஸஸ்’ என்றால் நேரம் கிடைக்கும்போது பார்ப்பார். ‘ஆர்ஃபன்’ என்றால் அனாதை, கேட்க நாதியில்லை. பதில் எத்தனை நாளில் வரும் என்பதை இந்த ஒரு வரியை வைத்தே ஓரளவு ஊகிக்கலாம். பேட்ச்சைக் கொடுத்தால் யாருக்கெல்லாம் அனுப்பணும் என்று பட்டியல் தரும் ‘கெட்-மெயின்டெய்னர்’ ஸ்கிரிப்ட்டும் இந்த ஃபைலைப் படித்துத்தான் சொல்கிறது. அதை மூன்று பேட்ச்சுக்கும் தனித்தனியாக ஓட்டிப் பார்த்திருந்தால், மூன்றாவதுக்கு வேறு பெயர்கள் வருவது முதல் நாளே தெரிந்திருக்கும்.

‘அப்படியானால் என் வேலை பாதிதானே உள்ளே போகிறது? அந்தப் பாதி ஓடுமா?’ என்று அடுத்துக் கேட்பாய். நல்ல கேள்வி, அதைக் கொஞ்சம் நிதானமாகவே பார்ப்போம்.

உன் முதல் பேட்ச் ‘பைண்டிங்’, அதாவது சென்சாரின் பெயர், அதற்கு என்னென்ன விவரம் வேண்டும் என்று எழுதிய யாம்ல் ஃபைல். இரண்டாவது டிரைவர். மூன்றாவது போர்டு ஃபைல். டிரைவரையும் போர்டு ஃபைலையும் இணைப்பது ‘கம்பாட்டிபிள்’ என்ற ஒரு சரம் மட்டும்தான். டிரைவர் உள்ளே வந்து போர்டு ஃபைல் வராவிட்டால் என்ன ஆகும்? அந்தச் சென்சாரை யாரும் கூப்பிடமாட்டார்கள், டிரைவர் சும்மா கிடக்கும். போர்டு ஃபைல் முதலில் வந்து டிரைவர் வராவிட்டால்? பெயர் இருக்கும், பொருந்தும் டிரைவர் இருக்காது, கர்னல் பாட்டுக்கு பூட் ஆகும். எந்த வரிசையில் வந்தாலும் எதுவும் உடையாது. கம்பைல் செய்யும்போதும் ஒன்றுக்கு மற்றொன்று தேவையில்லை. அதனால்தான் இரண்டையும் இரண்டு வழியில் விடத் தயங்குவதில்லை. பைண்டிங் மட்டும் முன்னால் வரணும். அது இல்லாமல் போர்டு ஃபைலைச் சோதித்தால் இந்தப் பெயர் எங்கும் பதிவாகவில்லை என்று எச்சரிக்கை வரும். பைண்டிங்கைப் பார்ப்பவர்கள் தனிக் குழு. அவர்கள் பெரும்பாலும் தாங்களே எடுக்கமாட்டார்கள். பார்த்து ‘ரிவ்யூடு-பை’ கொடுத்துவிட்டு, டிரைவரோடு சேர்த்து சென்சார்காரரே எடுத்துப் போகட்டும் என்று விட்டுவிடுவார்கள். உனக்கு நடந்தது அச்சு அசலாக இதுதான்.

இனி அந்த இரண்டு வார மௌனம். நீ மூன்றாவதை அனுப்பிய தேதியையும் கடைசிக் கர்னல் வெளியான தேதியையும் பக்கத்தில் வைத்துப் பார். வெளியான மறுநாள் அனுப்பியிருக்கிறாய். அது மெர்ஜ் விண்டோ தொடங்கிய நாள்.

ஒரு வெளியீடு வந்ததும் இரண்டு வாரம் லினஸின் மடை திறந்திருக்கும். புதிய வசதிகள் எல்லாம் அந்த இரண்டு வாரத்தில் மட்டும்தான் உள்ளே போகும். இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை ஆர்சி-1 போட்டு மடையை அடைத்துவிடுவார். அவர் இருக்கும் அமெரிக்காவில் ஞாயிறு பிற்பகல் என்றால் நமக்குத் திங்கள் விடியற்காலை. அதிலிருந்து வாரம் ஒரு ஆர்சி, பிழைத்திருத்தம் மட்டும். ஆர்சி-7 அல்லது ஆர்சி-8 வரை போய், வெளியீடு. மடை திறந்திருக்கும் அந்த இரண்டு வாரமும் மெயின்டெய்னர்கள் தங்களிடம் ஏற்கெனவே சேர்ந்ததை மேலே அனுப்புவதிலும், மேலே போனது எங்கேயாவது உடைத்துவிட்டதா என்று பார்ப்பதிலும் இருப்பார்கள். புதுப் பேட்ச்சைத் தொடுவது அரிது. நெட்வொர்க்கிங் பகுதியில் ‘நெட்-நெக்ஸ்ட்’ ட்ரீயை அந்த இரண்டு வாரமும் மூடிவிட்டேன் என்றே அறிவித்துவிடுவார்கள். அப்போது அனுப்பினால் திறந்த பிறகு மறுபடி அனுப்பு என்று திருப்பிவிடுவார்கள். மற்ற பகுதிகளில் அறிவிப்பெல்லாம் கிடையாது, வெறும் மௌனம்தான். புதிதாக வருபவர்களைத் துரத்துவதில் இந்த மௌனத்துக்குப் பெரிய பங்கு உண்டு என்பது என் கருத்து. ‘மெர்ஜ் விண்டோ, பிறகு பார்க்கிறேன்’ என்று ஒரு தானியங்கிப் பதில் போட்டாலே பாதி ஏக்கம் தீரும்.

இன்னொரு கணக்கும் போட்டுப் பார். வெளியீட்டுக்கு ஒரு வாரம் இருக்கும்போது பேட்ச் அனுப்புகிறாய். ஆர்சி-1 வரைக்கும் மூன்று வாரம். அப்போது எடுத்தால் மெயின்டெய்னரின் ட்ரீயில் ஏழு வாரம் கிடக்கும். மடை திறந்து இரண்டு வாரத்துக்குள் லினஸிடம். அதற்கப்புறம் ஆர்சிகள் ஏழு வாரம். எல்லாமே ஒழுங்காக நடந்தாலும் நாலரை மாதம். உன் புராஜெக்ட் வைவாவுக்குள் வெளியீட்டில் வந்துவிடும் என்று வழிகாட்டி ஆசிரியரிடம் வாக்குக் கொடுத்திருந்தால், அவரிடம் இப்போதே பேசிவிடு. ட்ரீயில் எடுத்துக்கொண்ட மெயிலைக் காட்டு, அதுவே போதும்.

மதுரைக்காரனுக்கு இது புதுசா? தங்கச்சி கல்யாணத்துக்கு மலையிலிருந்து கிளம்பி வந்த அழகரே, கல்யாணம் முடிந்துபோச்சு என்று கேள்விப்பட்டு ஆற்றோடு வண்டியூர்ப் பக்கம் திரும்பியதாகத்தானே நம்ம ஊர்க் கதை. மாசியில் நடந்த கல்யாணத்தையும் சித்திரையில் ஆற்றில் இறங்குவதையும் திருமலை நாயக்கர் ஒன்றாக்கினார் என்பார்கள். மதுரை பார்த்த பெரிய மெர்ஜ் அது, அதிலும் நேரம்தான் இடித்திருக்கிறது.

இந்த நேர ஒழுங்கை லினஸ் சாதாரணமாக எடுத்துக்கொள்வதில்லை. ‘பிகேஷ்எஃப்எஸ்’ என்ற ஃபைல் சிஸ்டம் 6.7-இல் கர்னலுக்குள் வந்தது. அதன் ஆசிரியர் கென்ட் ஓவர்ஸ்ட்ரீட் திறமைசாலி, அதில் யாருக்கும் சந்தேகமில்லை. ஆனால் ஆர்சி நடக்கும்போது பிழைத்திருத்தம் என்ற பெயரில் புதுக் கோடும் (நிரல்) வருகிறது என்று திரும்பத் திரும்பத் தகராறு. பயனாளர்களின் தரவைக் காப்பாற்றத்தான் அனுப்புகிறேன் என்பது அவர் பக்கம். 2025-இல் 6.17-இல் அதை ‘வெளியே பராமரிக்கப்படுவது’ என்று குறித்தார்கள், 6.18-இல் அந்த நிரலையே எடுத்துவிட்டார்கள். ஃபைல் சிஸ்டம் நல்லதா கெட்டதா என்பதைவிட, எல்லாரும் ஒரே நாள்காட்டியில் ஓடும் இடத்தில் ஒருவர் மட்டும் தன் நாள்காட்டியில் ஓடினால் என்ன ஆகும் என்பதற்கு அது உதாரணமாகிப்போனது. இரண்டு தரப்பிலும் நியாயம் தெரிந்த சண்டை அது. என் மனசு நாள்காட்டிப் பக்கம்தான் சாய்கிறது.

உனக்கு இன்னும் நேராத, ஆனால் நேரப்போகும் சிக்கல் ஒன்று உண்டு. ஒரே பேட்ச் இரண்டு கண்மாய்க்கும் தேவைப்பட்டால்?

உன் புது சென்சார் எஸ்பிஐ (சிப்புகள் பேசிக்கொள்ளும் ஒரு கம்பி இணைப்பு முறை) வழியாகப் பேசுகிறது, அதற்கு எஸ்பிஐ பகுதியின் பொதுக் கோடில் ஒரு சின்ன ஃபங்ஷன் வேண்டும் என்று வைத்துக்கொள். அந்த ஃபங்ஷன் எஸ்பிஐக்காரர் ட்ரீயில், உன் டிரைவர் ஐஐஓ ட்ரீயில். ஐஐஓ ட்ரீயை மட்டும் எடுத்துக் கம்பைல் செய்தால் ஃபங்ஷன் இல்லை என்று நின்றுவிடும். இரண்டு பேரும் அதே பேட்ச்சைத் தங்கள் ட்ரீயில் ஆளுக்கொரு முறை போட்டுக்கொண்டால் கம்பைல் ஆகும். ஆனால் கிட்டின் கணக்கில் அவை இரண்டு வெவ்வேறு கமிட். உள்ளே எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருந்தாலும், போட்டவரும் நேரமும் மாறியதால் ஹாஷ் (கமிட்டின் அடையாள எண்) வேறு. அதன்மேல் ஒருவர் இன்னொரு திருத்தம் போட்டுவிட்டால், லினஸ் இரண்டையும் இழுக்கும்போது முட்டும்.

இதற்கு இரண்டு வழி வைத்திருக்கிறார்கள். மாற்றம் சின்னதாக இருந்தால் எஸ்பிஐக்காரர் ‘ஆக்டு-பை’ கொடுத்துவிட்டு, நீயே உன் ட்ரீ வழியாகக் கொண்டுபோ என்பார். அந்த ஒரு வரி, தன் எல்லைக்குள் இன்னொருவர் மண்வெட்டி வைக்க அவர் கொடுக்கும் சம்மதம். அதனால்தான் மெயின்டெய்னரின் ‘ஆக்டு-பை’க்கும் வழியில் போகிறவரின் ‘ஆக்டு-பை’க்கும் மதிப்பு வேறு. மாற்றம் பெரிதாகவோ, எஸ்பிஐ பக்கமும் அதன்மேல் வேலை நடப்பதாகவோ இருந்தால், எஸ்பிஐக்காரர் அந்த ஒரு பேட்ச்சை மட்டும் ஆர்சி-1-இன் மேல் தனிக் கிளையில் வைத்து, கையெழுத்திட்ட டேக் போட்டுக் கொடுப்பார். ‘இம்யூட்டபிள் பிராஞ்ச்’ என்பது அதுதான். இனி இந்தக் கிளையைத் தொடமாட்டேன், ரீபேஸ் (வேறு அடித்தளத்தின்மேல் மாற்றி வைப்பது) செய்யமாட்டேன் என்பது வாக்கு. இரண்டு பேரும் அதே கிளையைத் தங்கள் ட்ரீக்குள் இழுத்துக்கொள்வார்கள். ஹாஷ் ஒன்றே என்பதால் லினஸிடம் இரண்டு வழியாக வந்தாலும் கிட் ஒரே கமிட்டாகத்தான் பார்க்கும். இந்த இடத்தில் என் கண்மாய் உவமை உடைந்துவிடுகிறது. இரண்டு வாய்க்காலில் வந்த தண்ணீரில் இது அதே துளி என்று எந்த நீர்பாய்ச்சியாலும் சொல்ல முடியாது.

முட்டல் இருப்பதை லினஸ் இழுக்கும்வரை யாரும் கவனிக்காமல் இருக்கக்கூடாது என்பதற்காகத்தான் ‘லினக்ஸ்-நெக்ஸ்ட்’. 2008-இல் ஆஸ்திரேலியாவிலிருந்து ஸ்டீபன் ராத்வெல் தொடங்கியது. 300-க்கும் மேற்பட்ட ட்ரீகளை வேலைநாள்தோறும் ஒன்றன்பின் ஒன்றாக இணைத்து, இடையிடையே கம்பைல் செய்து பார்த்து, அடுத்த வெளியீடு இன்றைக்கு எப்படி இருக்கும் என்று வெளியிடுவது. இரண்டு ட்ரீ முட்டினால் சம்பந்தப்பட்ட இருவருக்கும் மெயில் போகும்: உங்கள் கமிட்டும் இவர் கமிட்டும் இந்த ஃபைலில் இடிக்கிறது, நான் இப்படித் தீர்த்திருக்கிறேன், சரிதானா பாருங்கள். புகழில்லாத வேலை, சமையற்கட்டில் நிற்பது மாதிரி. ஒரு வாரம் அது நின்றால் மெர்ஜ் விண்டோவே தடுமாறும். உன் முதல் இரண்டு பேட்ச் இப்போது அங்கே இருக்கணும், போய்ப் பார். அங்கே உன் பெயரைப் பார்த்தால் கொஞ்சம் தெம்பு வரும்.

இன்னொரு விஷயம் ஆச்சரியமாக இருக்கும். லினக்ஸ்-நெக்ஸ்ட்டில் முட்டல் தெரிந்ததும் மெயின்டெய்னர் அவசரப்பட்டு மற்றவரின் ட்ரீயைத் தன்னோடு மெர்ஜ் செய்து மறைத்துவிடக்கூடாது. லினஸுக்கு அது பிடிக்காது. எங்கே முட்டும், எப்படித் தீர்க்கலாம் என்று புல் ரிக்வெஸ்ட்டில் (என் ட்ரீயை இழுத்துக்கொள்ளுங்கள் என்ற மெயிலில்) எழுதினால் போதும், தீர்ப்பதை நானே செய்வேன் என்பார். எந்த இரண்டு பகுதி அடிக்கடி உரசுகிறது என்பது அப்போதுதான் அவர் கண்ணுக்குத் தெரியும்.

மூன்று பேட்ச்சுக்கே இவ்வளவு என்றால், ஆயிரக்கணக்கான டிரைவர்களைத் தொடும் மாற்றத்தை எப்படிச் செய்கிறார்கள்? அண்மையில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். பிளாட்ஃபார்ம் டிரைவர்களில் ‘ரிமூவ்’ என்று ஒரு ஃபங்ஷன், சாதனத்தைக் கழற்றும்போது கூப்பிடுவது. அது ஒரு எண்ணைத் திருப்பித் தரும். பிழை எண் தந்தால் கழற்றுவது நின்றுவிடும் என்று நம்பி எழுதியவர்கள் பலர். உண்மையில் கர்னல் அந்த எண்ணைக் கண்டுகொள்ளாது, கழற்றிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கும். பாதியில் திரும்பிய டிரைவர் பிடித்து வைத்ததை விடாமலே போய்விடும். சரியான வழி, அந்த ஃபங்ஷன் எதையும் திருப்பித் தராதபடி வகையை மாற்றுவது. மாற்றினால் அதே நொடியில் அத்தனை டிரைவரும் கம்பைல் ஆகாது. அவையோ பல பத்து மெயின்டெய்னர்களின் ட்ரீகளில் சிதறிக் கிடக்கின்றன.

ஊவே கிளைன-கோனிக் என்பவர் அதைப் பொறுமையாகச் செய்தார். முதலில் ‘ரிமூவ்-நியூ’ என்று பக்கத்திலேயே இன்னொரு ஃபங்ஷன், எதையும் திருப்பித் தராதது. பழையது அப்படியே இருக்கும். பிறகு டிரைவர் டிரைவராக, அந்தந்த மெயின்டெய்னர் ட்ரீ வழியாகவே புதியதுக்கு மாற்றம். யாருடைய நாள்காட்டியையும் இடிக்கவில்லை. எல்லாம் மாறி முடிந்ததும் பழைய ‘ரிமூவ்’-இன் வகையை மாற்றினார்கள், பிறகு எல்லாவற்றையும் பழைய பெயருக்கே கொண்டுவந்து ‘ரிமூவ்-நியூ’வை எடுத்துவிட்டார்கள். கோரிப்பாளையத்தில் மேம்பால வேலைக்காகப் போக்குவரத்தைச் சுற்றிவிட்ட மாதிரிதான், வண்டி ஒரு நாளும் நிற்கக்கூடாது. 2022 இறுதியில் தொடங்கியது, முடிய இரண்டு வருடத்துக்கு மேல் ஆனது. கடைசியில் பார்த்தால் பெயர் பழையதே, வகை மட்டும் மாறியிருக்கும். வெளியே இருந்து பார்ப்பவனுக்கு என்ன நடந்தது என்றே தெரியாது.

உன் கமிட்டின் அடியில் வரும் ‘சைன்டு-ஆஃப்-பை’ வரிகளைப் பற்றியும் நீ கேட்காமலே சொல்லிவிடுகிறேன். 2003-இல் எஸ்சிஓ நிறுவனம் ஐபிஎம் மேல் வழக்குப் போட்டு, கர்னலில் எங்கள் கோடு இருக்கிறது என்றது. எந்த வரி யார் கையிலிருந்து வந்தது என்று காட்ட ஒரு தடம் வேண்டும் என்று 2004-இல் கொண்டுவந்தது இந்த வரி. இதைக் கொடுக்க எனக்கு உரிமை உண்டு என்று நீ போடும் கையெழுத்து. உன் டிரைவர் பேட்ச்சில் உன் வரிக்குக் கீழே ஐஐஓ மெயின்டெய்னரின் வரி சேர்ந்திருக்கும், கையால் எடுத்துப் போட்டவர் அவர் என்பதால். அதற்குமேல் கிரெக், லினஸ் பெயர்கள் சேராது. அவர்கள் மொத்தமாக ட்ரீயை இழுக்கிறார்கள், தனித்தனிக் கமிட்டைத் தொடுவதில்லை. ஒரு பேட்ச் யார் யார் கைபட்டு வந்தது என்பதை அந்த வரிகளை மேலிருந்து கீழே படித்தாலே தெரிந்துகொள்ளலாம்.

நான் முதல் பேட்ச் அனுப்பியபோது இதெல்லாம் தெரியாது. கே.கே. நகர்ப் பக்கம் ஒரு சின்ன எம்பெடட் நிறுவனத்தில் வேலை. அலுவலக மெயிலிலிருந்தே அனுப்பினேன். அந்த மெயில் சர்வர் என் டேப்களையெல்லாம் ஸ்பேஸாக மாற்றிவிட்டது, பேட்ச் ஒட்டவே ஒட்டாது. அதுகூடப் பரவாயில்லை. அடியில் பத்து வரி சட்ட எச்சரிக்கை தானாக ஒட்டிக்கொண்டது: இது இரகசியத் தகவல், நீங்கள் உரிய பெறுநர் இல்லையென்றால் உடனே அழித்துவிடவும். உலகமே படிக்கும் இடத்துக்கு அனுப்பிய மெயிலில். ஒரே வரியில் பதில் வந்தது: ‘சொன்னபடி அழித்துவிட்டேன்’. அன்றைக்கு முகம் சிவந்துபோச்சு. அப்படி ஒரு அடிக்குறிப்போடு வரும் நிரலை எடுத்தால் உரிமைச் சிக்கல் என்பது பிறகுதான் புரிந்தது. அதிலிருந்து சொந்த மெயில், ‘கிட் சென்ட்-ஈமெயில்’. இப்போது ‘பி4’ என்ற கருவி வந்துவிட்டது. வந்த ‘ரிவ்யூடு-பை’ வரிகளைப் பொறுக்கிச் சேர்ப்பது, பதிப்பு எண் போடுவது எல்லாம் அது பார்த்துக்கொள்ளும். நீ தொடக்கத்திலிருந்தே அதைப் பழகிக்கொள்.

சரி, இப்போது செய்யவேண்டியது. ஆர்சி-1 வரும் திங்கள் காலை வந்துவிடும். அன்றைக்கே அனுப்பாதே, எல்லாரும் அன்றைக்குத்தான் அனுப்புவார்கள். இரண்டு மூன்று நாள் போகட்டும். பேட்ச்சை ஆர்சி-1-இன் மேல் மறுபடி வைத்து, போர்டு ஃபைலைச் சோதித்துப் பார். பைண்டிங் இல்லை என்ற எச்சரிக்கை வந்தால் பயப்படாதே, அது லினக்ஸ்-நெக்ஸ்ட்டில் இருக்கிறது என்று எழுது. எழுதவேண்டிய இடம் மூன்று சிறுகோடு இருக்கும் வரிக்குக் கீழே. அங்கே எழுதுவது கமிட்டில் சேராது, படிப்பவருக்கு மட்டும். முதல் இரண்டு பேட்ச் ஐஐஓ ட்ரீயில் எடுக்கப்பட்டுவிட்டன, இது அவற்றோடு வந்த மூன்றாவது என்று ஒரு வரி, அந்த மெயிலின் இணைப்பு ஒன்று. கோடில் ஒன்றும் மாற்றவில்லை என்றால் பதிப்பு எண்ணைக் கூட்டாதே, ‘ரீசென்ட்’ என்று மட்டும் போடு. சிப் குடும்பத்தின் பத்தியில் ‘எம்’ வரியில் இரண்டு பேர் இருந்தால் இரண்டு பேரையும் சேர். எஸ்ஓசி ட்ரீக்காரர்களுக்கு நேரடியாக அனுப்பாதே, அது சிப் குடும்பத்தைப் பார்த்துக்கொள்பவர் கையால் போகவேண்டியது.

அதற்கப்புறமும் இரண்டு வாரம் பதில் இல்லை என்றால், அதே இழையில் ஒரு சின்ன நினைவூட்டல் போடு. அதற்கும் இல்லை என்றால் அவருடைய ட்ரீயில் கடைசிக் கமிட் எப்போது என்று பார்த்துவிட்டு எனக்கு எழுது. சென்சாரைக் கண்மாயில் மடைக்குப் பக்கத்தில் வைத்திருந்தால் கொஞ்சம் தள்ளி வை. சேறு அடைத்துக்கொண்டு அளவு தப்பாகக் காட்டும், நீ டிரைவரில் பிழை என்று தேடிக்கொண்டிருப்பாய்.